மலைப்பாம்பின் வாயில் செலோடேப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் ஞாயிறு மலரில் பர்மாவில் நம்மவர்கள் நடத்தும் திருவிழாக்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன் அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினான். பால்குடம், தீமிதி, அன்னதானப் பந்தி எல்லாமே நன்றாக இருந்தன. வலது பக்க ஓரத்தில் சின்னதாக இன்னொரு படம். எட்டு வயதுப் பெண் குழந்தை, கழுத்தைச் சுற்றி ஒரு மலைப்பாம்பு, முகமெல்லாம் சிரிப்பு. பாம்புகூட இங்கே தோழன்தான் என்கிற மாதிரி அடியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள்.

அந்தக் குழந்தை என் மகன் வயிற்றுப் பேத்தி. படம் எடுக்கும்போது அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் இரண்டடி தள்ளி நின்றேன். உற்றுப் பார்த்தால் உங்கள் படத்தின் ஓரத்தில் என் முழங்கை தெரியும்.

சண்டைக்கு வரவில்லை. படத்துக்கு முன்னும் பின்னும் நடந்ததை நீங்கள் போட்டிருக்க முடியாது, உங்கள் நிருபர் அதற்குள் பந்திக்குப் போய்விட்டார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கோயிலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கோயில்காரர்கள் அந்த ஆளைக் கூப்பிடவில்லை. பலூன்காரன், ஐஸ்காரன் மாதிரி கூட்டம் பார்த்து அவரும் வந்திருந்தார், அவ்வளவுதான்.

பாம்பு பத்தடி இருக்கும். பழுப்பும் மஞ்சளுமாக, எங்கள் ஊர் ஜாதி. பேத்தி ஆசைப்பட்டாள். ஆயிரம் கியாட் நோட்டு ஒன்றை நீட்டினேன். அவர் பாம்பை எடுத்து மாலை போடுகிற மாதிரி அவள் கழுத்தில் போட்டார். உங்கள் நிருபரும் அந்தச் சமயம் பார்த்துக் கேமராவைத் தூக்கினார். அப்புறம் பாம்பை இறக்கும்போதுதான் அதன் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். மூக்குக்குக் கொஞ்சம் பின்னால், வாயைச் சுற்றி, இரண்டு சுற்று செலோடேப். கடையில் பார்சல் ஒட்டுவோமே, அதே டேப். ஓரத்தில் தூசி படிந்து கறுத்திருந்தது. அன்று காலையில் ஒட்டினது இல்லை. பாம்பு நாக்கை வெளியே விட்டுத்தான் மோப்பம் பிடிக்கும். இது நாக்கை விட முடியாமல் மூக்கை மட்டும் என் பேத்தியின் தோளில் அங்கும் இங்கும் தேய்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சுகிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"பழகினது ஐயா, ஒண்ணும் செய்யாது."

"பழகினதுக்கு எதுக்கு டேப்பு?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாதுகாப்புக்குத்தான் ஐயா. குழந்தைங்க இல்லையா?"

இதற்குமேல் அவரை நான் எதுவும் கேட்கவில்லை. கொடுத்த நோட்டைத் திருப்பியும் கேட்கவில்லை. அந்த மனிதருக்கும் வீட்டில் நான்கு வயிறு இருக்கும். ஆனால் 'பழகினது' என்ற அந்த வார்த்தை ஒரு மாதமாக என்னை விடமாட்டேன் என்கிறது. காரணம், அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது ஒரு யானையைப் பற்றி. அப்போது எனக்குப் பதினோரு வயது.

நான் பிறந்தது டவுங்கூ பக்கம். அப்பாவுக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் சீமை. 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு சித்தப்பா குடும்பம் கப்பலேறி மெட்ராஸ் போனது. அப்பா போகவில்லை. ஒரு மாட்டுவண்டியை வைத்துக்கொண்டு பெகு யோமா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருந்த, தேக்கு மரம் வெட்டி யானையால் இழுக்கும் முகாம்களுக்கு அரிசி, உப்பு, மிளகாய், கருவாடு கொண்டுபோய் விற்றார். கூடவே புளி. முகாமில் புளி அதிகம் செலவாவதற்கு யானைகள்தான் காரணம். பாகன்கள் புளியோடு உப்பைச் சேர்த்து எலுமிச்சை அளவுக்கு உருட்டி மடியில் வைத்திருப்பார்கள். அதைக் கண்டால் யானை தும்பிக்கையை நீட்டிக்கொண்டு வரும். பள்ளிக்கூட லீவில் அந்த உருண்டை பிடிக்கிற வேலை எனக்கு. இன்றைக்கும் மழைக்காலத்தில் கடையில் புளி மூட்டையைப் பிரித்தால் அந்த முகாம்தான் முதலில் மூக்கில் ஏறுகிறது.

இங்கே யானைப் பாகனை 'ஊசி' என்பார்கள். நம்மூர் ஊசி இல்லை, பர்மியச் சொல். நான் சொல்லப்போகிற ஊசி கரேன் என்ற மலைவாசி இனத்துக்காரர், அப்பாவின் சிநேகிதர். ஒரே ஆண் யானையோடு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். தேக்கு முகாம் யானைகளை ராத்திரியில் கொட்டிலில் கட்டுவதில்லை. முன்கால் இரண்டையும் தளர்வாகச் சங்கிலியால் பிணைத்து, கழுத்தில் மரமணி கட்டிக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். அது மேய்ந்து, குளித்து, காட்டு யானைகளோடு சேர்ந்துவிட்டு வரும். முகாமில் பிறக்கும் குட்டிகள் பலவற்றுக்குத் தகப்பன் காட்டில் இருக்கும் கொம்பன்தான். விடியற்காலையில் ஊசி கால்தடம் பார்த்துக்கொண்டே போய்த் தேடிப் பிடித்து வருவார். ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொனி, அது செதுக்கியவருக்குத் தெரியும். மூங்கில் காட்டுக்குள் 'டொக், டொக்' என்று கேட்டதுமே, "என்னுடையது அந்தப் பள்ளத்தில் இருக்கிறது" என்பார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். பனி விலகாத நேரம். அவர் ஏதோ மெல்லப் பாடிக்கொண்டே நடந்தார். திடீரென்று கிட்டே போய் நின்றால் யானைக்குப் பிடிக்காதாம், அதனால் வருகிறேன் என்று பாட்டில் சொல்லிவிட வேண்டுமாம். என் கையில் இருந்த புளி உருண்டையை யானை எடுத்துக்கொண்டது. தும்பிக்கை நுனி ஈரமாக, வெதுவெதுப்பாக என் உள்ளங்கையை இரண்டு தரம் தடவிப் பார்த்தது, இன்னொன்று இருக்கிறதா என்று.

"பயப்படாதே தம்பி, பழகினது" என்றார்.

அடுத்த வருஷம் குளிர்காலத்தில் அதற்கு மதம் வந்தது. கன்னத்தில் நீர் வடிய ஆரம்பித்தால் வேலை கொடுக்காமல் கட்டிப்போட வேண்டும் என்பது முகாமில் எல்லோருக்கும் தெரியும். அன்று இழுக்க வேண்டிய மரம் பாக்கி இருந்ததா, இல்லை அவருக்கே அந்த நம்பிக்கையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் காட்டக் கூட்டிப்போனவர் திரும்பி வரவில்லை. நானும் அப்பாவும் வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவருடைய துணிப்பையைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார்கள், பாக்கிக் கணக்கு அதில் இருந்ததால். அடியில் நான் உருட்டிய புளி உருண்டை நாலைந்து கிடந்தன.

யானையைச் சுடவில்லை. ஒரு மாதம் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். மதம் இறங்கியதும் மரமணியைக் கழற்றிவிட்டு வெண்கல மணியைக் கட்டினார்கள், அந்தச் சத்தம் கேட்டால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று. வேறொரு ஊசியை நியமித்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன். அவனும் பாடிக்கொண்டேதான் காட்டுக்குள் போனான்.

அந்த யானை கெட்டதா நல்லதா என்று சின்ன வயதில் ரொம்ப யோசித்தேன். இப்போது அந்தக் கேள்வியே தப்பு என்று படுகிறது. நாயும் மாடும் ஆயிரக்கணக்கான வருஷம் நம் வாசலிலேயே ஈன்று, நமக்கு ஏற்றதை மட்டும் நாம் வளர்த்து, பிறவியிலேயே மாறிப்போனவை. யானை அப்படி மாறவே இல்லை. எத்தனை தலைமுறை நம்மிடம் இருந்தாலும் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் காட்டுக் குட்டிதான். அதனால்தான் ஒவ்வொன்றையும் நான்கைந்து வயதில் தாயிடமிருந்து பிரித்து, மரச்சட்டத்துக்குள் அடைத்து, கயிறு போட்டு, முதலிலிருந்து 'பழக்க' வேண்டியிருக்கிறது. நாய்க்குட்டிக்கு யாராவது அப்படிச் செய்கிறார்களா? அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த குட்டி கத்திய கத்தலில் அப்பா வண்டியைத் திருப்பிவிட்டார். அன்றைய வியாபாரம் போச்சு.

உங்கள் வாசகர்களுக்கு இது தூரதேசத்துக் கதை இல்லை. 2024 நவம்பரில் திருச்செந்தூரில் கோயில் யானை பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்ற செய்தியை இங்கே நாங்களும் படித்தோம். யானைக்கு மதம் பிடித்துவிட்டது என்று உடனே பேச்சு கிளம்பியது. அது பெண் யானை. மதநீர் வடிவது ஆண் யானைக்கு. மதம், கோபம், துஷ்டத்தனம் என்று ஏதாவது ஒரு பெயரை வைத்துவிட்டால் நமக்கு வேலை முடிந்துவிடுகிறது, பழகினது என்ற வார்த்தையைத் தொட வேண்டியதில்லை.

எங்கள் தேக்கு யானைகளைப் பற்றி உலகம் தெரிந்துகொண்ட ஒரு கணக்கைச் சொல்கிறேன். இங்கே அரசு யானை ஒவ்வொன்றுக்கும் பிறப்பு, பிடிபட்ட இடம், நோய், சாவு எல்லாம் எழுதிய ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. கைன் ஊ மார் என்ற பர்மியக் கால்நடை மருத்துவர் அந்தப் பதிவுகளை வைத்துப் பல வருஷம் உழைத்தவர். அவரும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி யானைகள் செத்துவிடுகிற வயது, 18.9 வருஷம். பர்மாக் காட்டில் மரம் இழுக்கும் யானைகளுக்கு 41.7 வருஷம். அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு, டாக்டர், வெந்நீர்க் குளியல் எல்லாம் உண்டு. இங்கே மழையில் சேற்றில் மரம் இழுக்கிற பிழைப்பு. அப்படியும் மிருகக்காட்சிசாலை யானைக்கு இதில் பாதி ஆயுள்கூட இல்லை. உடம்பு பெருத்துப்போவதும் மனக்கஷ்டமும் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் புரிந்தவரை, இங்கே ராத்திரி காடு இருந்தது, சங்கிலி போட்ட கால்தான் என்றாலும்.

சரி, அப்படியானால் பர்மா முகாம்தான் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் அப்படிக் கொஞ்சநாள் பெருமைப்பட்டேன். 2018-ல் இன்னொரு கட்டுரை வந்தது. 5,000-க்கு மேற்பட்ட தேக்கு யானைகளின் பதிவுகளைப் பார்த்திருந்தார்கள். காட்டில் பிடித்துக் கொண்டுவந்த யானைகள், முகாமிலேயே பிறந்தவற்றைவிட மூன்றிலிருந்து ஏழு வருஷம் முன்னதாகச் செத்துப்போகின்றன. வேலை ஒன்று, தீனி ஒன்று, மருத்துவர் ஒருவர். வித்தியாசம் பிடிபட்டது மட்டும். பிடிபட்டுப் பல வருஷம் கழித்தும் அந்த அடி உடம்பைவிட்டுப் போகவில்லை. என் ஊசியின் யானை காட்டில் பிடித்ததா, முகாமில் பிறந்ததா என்று அப்பாவைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றியபோது அப்பா இல்லை.

ரங்கூனுக்கு வரும் உங்கள் வாசகர்கள் இன்செய்ன் பக்கம் வெள்ளை யானை பார்க்கப் போவதுண்டு. அரக்கானில் பிடித்துக் கொண்டுவந்தவை. வெள்ளை யானை கிடைத்தால் நாட்டுக்கு நல்லது என்பது மன்னர்கள் காலத்து நம்பிக்கை. மண்டபம், கூரை, பாதுகாப்பு எல்லாம் ராஜ மரியாதை. காலில் சங்கிலி. சங்கிலியின் நீளத்துக்குள் நின்றுகொண்டு இடதுகாலில் பாரம், வலதுகாலில் பாரம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் யானையைப் பார்த்துத் தமிழ்க் குடும்பங்கள் கும்பிடுவதைக் கண்டிருக்கிறேன். "பார், நமக்கு வணக்கம் சொல்லுது!" எந்த நாட்டில் என்றாலும், நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் யானைக்கு வருகிற ஆட்டம் அது. கூண்டுக்குள் நடந்த வழியிலேயே நடந்து தடம் போட்டுவிடும் சிறுத்தையும் இதே ஜாதிதான். காட்டில் எந்த யானையும் அப்படி ஆடுவதில்லை.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரங்கூன்காரர்கள் என்னை விடமாட்டார்கள். 1906-ல் திறந்த எங்கள் மிருகக்காட்சிசாலையில் மோமோ என்று ஒரு பெண் யானை. சின்ன வயதிலேயே வந்தது, அறுபது வயதைத் தாண்டிப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். என் மகனே சின்ன வயதில் அதற்குக் கரும்பு கொடுத்திருக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஊரே நேசித்த யானை. நேசிப்பு இல்லை என்பது என் வாதமே இல்லை. ஊசியிடம் இல்லாத நேசிப்பா?

அப்புறம் சிலர் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடு என்கிறார்கள். பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்ல நன்றாக இருக்கிறது. எங்கே அவிழ்த்துவிடுவது? 2014-ல் முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தினார்கள். 2016-ல் நாடு முழுக்க ஒரு வருஷம் மரம் வெட்டவே தடை, பெகு யோமாவில் பத்து வருஷத்துக்குத் தடை. மரத்துக்கு நல்லது. ஆனால் அரசிடம் மட்டும் இருந்த ஏறக்குறைய 3,000 யானைகளில் பல வேலையில்லாமல் நின்றன. அவற்றில் கொஞ்சம் சுற்றுலா முகாம்களுக்குப் போயின. காட்டில் விட்டால் காடு சுருங்கிக் கிடக்கிறது, பக்கத்திலேயே நெல்வயல். அதோடு தோலுக்காக யானையைக் கொல்லும் கூட்டம் வேறு. தந்தமே இல்லாத பெண் யானையையும் குட்டியையும்கூட விஷம் வைத்துக் கொன்று தோலை உரிக்கிறார்கள், மருந்து என்றும் மணிமாலை என்றும் விற்க. மனிதனிடம் பயம் விட்டுப்போன யானைதான் அவர்களுக்குச் சுலபம். பழக்கிவிட்டதால் அவிழ்க்கவும் முடியாது, காடும் இல்லை. இருக்கிற யானைகளைச் சாகும்வரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு, இனி ஒன்றைக்கூடப் பிடிக்காமலிருந்தால் போதும் என்பதுதான் என் கட்சி. இதற்கு இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பாம்புக்கு வருகிறேன். என் பேத்தியின் கழுத்தில் இருந்த அதே ஜாதிப் பாம்பை அமெரிக்காக்காரர்கள் 'பர்மிய மலைப்பாம்பு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊர் பெயரில் அங்கே ஒரு பெரிய தலைவலி. வீட்டில் செல்லமாக வளர்க்க ஒரு காலத்தில் பாம்பு பாம்பாக இறக்குமதி செய்தார்கள், 1996-லிருந்து 2006-க்குள் மட்டும் 90,000-க்கு மேல். வாங்கும்போது ஒரு முழ நீளம், அழகாக இருக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் பத்தடியைத் தாண்டி, எலி போதாமல் முயல் கேட்கும். என்ன செய்வார்கள்? ராத்திரி காரில் கொண்டுபோய் சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். 1992-ல் ஆண்ட்ரூ புயலில் பாம்புப் பண்ணை ஒன்று உடைந்து அதிலிருந்தும் நிறைய தப்பின என்கிறார்கள். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் இந்தப் பாம்புக்கு நம் ஐராவதி டெல்டா மாதிரியே இருந்திருக்கும் போலிருக்கிறது, குட்டிமேல் குட்டியாகப் பெருகிவிட்டது. 2012-ல் வந்த கணக்குப்படி, அங்கே ரக்கூன் என்ற பிராணி கண்ணில் படுவது 99.3 சதவீதம் குறைந்துவிட்டது, ஒப்போசம் 98.9 சதவீதம், காட்டுப்பூனை 87.5 சதவீதம். அந்த வருஷம்தான் இறக்குமதியைத் தடை செய்தார்கள். இப்போது காசு கொடுத்து ஆள் வைத்துப் பிடித்துக் கொல்கிறார்கள். பாம்பு என்ன தப்பு செய்தது, சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை, பிறந்த இடமான இந்தப் பக்கம் அதே பாம்பு குறைந்துகொண்டே வருகிறது. தோலுக்கும் கறிக்கும் பிடித்துப் பிடித்து, அழிவை நோக்கிப் போகிறவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இங்கே இருக்க வேண்டியது இல்லை, அங்கே இருக்கக்கூடாதது ஆயிரக்கணக்கில்.

2009-ல் அதே புளோரிடாவில் ஒரு வீட்டில் வளர்த்த பர்மிய மலைப்பாம்பு ராத்திரி கூண்டைவிட்டு வெளியே வந்து, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையை நெரித்துக் கொன்றது. அதைப் படித்த இரவு, பேத்தி தூங்குவதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது, அதன் பலமெல்லாம் உடம்பில். வாயில் டேப் ஒட்டி அதன் உடம்பைக் குழந்தையின் கழுத்தில் சுற்றிவிடுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர்! அன்று கோயிலில் எனக்கு இந்த எளிய விஷயம் உறைக்கவில்லை. டேப்பைப் பார்த்துப் பாம்புக்காகப் பரிதாபப்பட்டேனே தவிர, கழுத்தைப் பார்த்துப் பேத்திக்காகப் பயப்படவில்லை. எழுபது வயதில் எனக்கே இந்தப் புத்தி என்றால் பாம்புக்காரரை மட்டும் சொல்லி என்ன.

பக்தியோடு செய்தால் பாவம் இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தின் காஞ்சனபுரியில், ஒரு புத்த மடத்தில் புலிகளை வளர்த்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட மலாயாவிலிருந்து கொண்டுபோன நம் தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் செத்த அதே பக்கம். அதைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே புலி மடத்துக்கும் போய், புலியின் தலையை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு படம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. 2016 ஜூனில் அதிகாரிகள் உள்ளே போனபோது, சமையல்கட்டு உறைபெட்டியில் 40 புலிக்குட்டிகளின் உடல்கள் கிடந்தன. 147 புலிகளை மீட்டுக் கொண்டுபோனார்கள். மூன்று வருஷத்துக்குள் அவற்றில் 86 செத்துவிட்டன என்று 2019-ல் அரசே சொன்னது. ரத்த சொந்தத்துக்குள்ளேயே இணைசேர்த்ததில் உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை. காட்டில் விடவும் லாயக்கில்லாத புலிகள். அதே 2019-ல் எங்கள் நாட்டுக் காடுகளில் குறைந்தது 22 புலிகள் இருப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். அடுத்த வருஷம், 2020-ல், புலி உட்பட 90 வகைப் பிராணிகளை வியாபாரத்துக்காகப் பண்ணையில் வளர்க்க அனுமதி தரலாம் என்று உத்தரவும் வந்தது. பண்ணையில் வளர்த்தால் காட்டில் பிடிக்கமாட்டார்கள் என்பது வாதம். நான் வியாபாரி, எனக்குத் தெரியும். ஒரு சரக்கு கடையில் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தால் கேட்கிற ஆளும் கூடுவான். அப்புறம் காட்டுச் சரக்கு ஒரு விலை, பண்ணைச் சரக்கு ஒரு விலை.

எழுதும்போதே என் மனைவி படித்துவிட்டு, "உங்கள் குருவிக் கதையையும் எழுதுங்கள்" என்றாள். சரி, எழுதிவிடுகிறேன்.

இங்கே பகோடா வாசல்களில் கூடையிலும் கம்பிக் கூண்டிலும் குருவி விற்பார்கள், பெரும்பாலும் நெல்வயல் சில்லைகள், சில நேரம் ஆந்தைக்குட்டி. காசு கொடுத்து வாங்கி வானத்தில் விட்டால் புண்ணியம். புத்த மதத்துக்காரர்கள் பழக்கம்தான், ஆனால் நாங்களும் செய்வோம். பிறந்தநாள், ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது வீடு திரும்பினால், பிள்ளைகளுக்குப் பரீட்சை. பதினைந்து வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் நான் ஐந்து குருவி விட்டிருக்கிறேன். ஒருநாள் விட்ட குருவி ஒன்று பறக்காமல் என் கால் பக்கத்திலேயே விழுந்தது. கையில் எடுத்தேன். எடையே இல்லை. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, போன் சைலண்டில் துடிக்குமே, அந்த மாதிரி. இறக்கையில் இரண்டு சிறகு இழுபட்டு ரத்தம் காய்ந்திருந்தது. விற்ற அம்மாள் என் கையிலிருந்து அதை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு வேறொன்றை நீட்டினார். "இது நல்லா பறக்கும், பெரியவரே." எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். மறைக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் வயலில் வலை போடுவார்களாம். வெள்ளிக்கிழமை கிராக்கி அதிகம் என்பதால் வியாழக்கிழமை ராத்திரி போவார்களாம்.

வாரம் ஐந்து, பதினைந்து வருஷம். கடைக்காரன் புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. கிட்டத்தட்ட 3,900 குருவிகளை என் ஒருவனுக்காகப் பிடித்திருக்கிறார்கள். வலையிலும் கூடையிலும் செத்தவை இதில் சேராது. அன்றோடு நிறுத்தினேன். ஆகவே, ஐயா, உங்கள் படத்தைப் பற்றிப் புகார் சொல்லும் யோக்கியதை எனக்கு முழுசாக இல்லை என்பதும் தெரிந்தே எழுதுகிறேன்.

கேட்பது சின்ன விஷயம்தான். பாம்பு, குரங்கு, கிளி, யானை என்று ஏதாவது மனிதர் மேலோ மனிதர் அதன் மேலோ இருக்கும் படம் வந்தால், போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தோழன் என்று மட்டும் எழுதாதீர்கள். பக்கத்தில் போய் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், காலில் என்ன இருக்கிறது, வாயில் என்ன இருக்கிறது என்று. அதையும் இரண்டு வரி எழுதினால், அடுத்த திருவிழாவில் என்னை மாதிரி ஒரு தாத்தா நோட்டை நீட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பார். பேத்தியின் படத்தை இனி எங்கும் பயன்படுத்த வேண்டாம் என்று அவளுடைய அப்பாவும் கேட்டுக்கொள்கிறான்.

இன்னொன்று. டேப் விஷயத்தை வீட்டில் பேசிக்கொண்டிருந்ததைப் பேத்தி கேட்டுவிட்டாள். "தாத்தா, அது சாப்பிடும்போது டேப்பை எடுத்துவிடுவாங்களா?" என்று தினமும் ஒரு தடவை கேட்கிறாள். அந்த ஆள் எந்த ஊர், இப்போது எந்தத் திருவிழாவில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் நிருபர் அவரிடம் பெயர், விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். முடிந்தால் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மளிகைக்கடைத் தாத்தா,
ரங்கூன்